ஆறு மாதப் பத்தியம்

விளாங்குடியில் ஒச்சாயி என்ற பெண் தன் நாத்தனாருக்கு ஐந்து மாதத்துக்கு மேல் சோளக்கஞ்சி ஊற்றினாள். காலையில் ஒரு சட்டி, இருட்டும்போது ஒரு சட்டி. உப்புப் போடாமல் ஊற்றினாள். அதில் அவள் விஷம் எதுவும் கலக்கவில்லை. கலக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இதற்குச் சம்மதம் கொடுத்த ஊர்ப் பெரியவர்கள், கஞ்சி குடிப்பதும் ஒரு தண்டனையா என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறி எழுந்து போனார்கள். அந்தக் கஞ்சி என்ன செய்யும் என்று அங்கே முழுதாகத் தெரிந்தவள் ஒச்சாயி ஒருத்திதான். அதைத் தன் சொந்த உடம்பில் படித்தவள் அவள்.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போக இன்னும் பத்து வருஷம் இருந்த காலம் அது.

வண்டியூரில் பிறந்த ஒச்சாயியை விளாங்குடி முத்திருளனுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்குப் பதினேழு வயது. மாநிறம். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். முத்திருளனுக்கு ஒரு கிணற்றுத் தோட்டம், ஒரு கறவை மாடு, தாயும் தகப்பனும் இல்லாத ஓட்டு வீடு. அந்த வீட்டின் அகப்பை அவன் அக்கா ஜெயக்கொடியின் கையில் இருந்தது. புருஷனோடு ஒத்துவராமல் தீர்த்துக்கொண்டு வந்து, பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள் அவள். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. முத்திருளன் கெட்டவனில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான், அவ்வளவுதான். கெட்டவனோடு கூட ஒரு பெண் மல்லுக்கு நின்று பார்க்கலாம். இப்படிப்பட்டவனோடு எதைச் சொல்லி நிற்பது?

அரிசி பொங்கினால் அது முத்திருளனுக்கு. கருவாட்டுக் குழம்பும் தயிரும் அவனுக்கு. மாட்டுப் பால் விடிவதற்கு முன்பே மதுரைக் காபி கிளப்புக்குப் போய்விடும். ஜெயக்கொடி ருசி பார்க்கிற சாக்கில் அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள். விடியக் கருக்கலில் தோட்டத்துக்குப் போய், வெயில் முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பும் ஒச்சாயிக்கு இருந்தது சோளக்களியும், மிளகாயைக் கிள்ளிப் போட்ட புளித்தண்ணீரும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. நாலரை வருஷம். நடுவில் சீனியம்மாள் என்ற பெண்குழந்தை பிறந்து, இருந்த கொஞ்சம் சத்தையும் உறிஞ்சிக் குடித்து வளர்ந்தது. அந்தக் குழந்தைதான் ஒச்சாயிக்கு உலகம். களை எடுக்கும்போது குழந்தையை வேப்பமர நிழலில் படுக்கப்போட்டுவிட்டு, பத்துப் பாத்திக்கு ஒரு தடவை ஓடிப்போய் முகம் பார்த்துவிட்டு வருவாள்.

சீனிக்கு மூன்று வயதான சித்திரையில் ஒச்சாயியின் புறங்கை இரண்டும் நெருப்பில் வாட்டியது போலச் சிவந்தன. ஒரு வாரத்தில் கறுத்தன. பிறகு தோல் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்டது மாதிரி ஒரு கறுப்பு வளையம் விழுந்தது. பாதத்தின் மேலும் அப்படியே. சேலை மறைத்த இடமெல்லாம் தோல் பழையபடி வழுவழுவென்று இருந்தது. அதைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை. வாய் வெந்து, நாக்கு மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, எதைத் தின்றாலும் வயிற்றோடு போயிற்று. காரணமில்லாமல் அழுதாள். செய்த வேலையை மறந்துவிட்டு மறுபடி செய்தாள்.

பரவையிலிருந்து மலையாண்டி வைத்தியரை வரவழைத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. நோயாளி அந்த வீட்டின் மருமகளாக இருந்தால், வைத்தியர் அவளைத் தூர நின்று பார்ப்பார். கையை நீட்டச் சொல்லுவார். அதோடு அவள் உள்ளே போய்விட வேண்டும். மருந்து என்ன, பத்தியம் என்ன என்பதை வாசலில் நின்று கேட்டுக்கொள்வது வீட்டின் மூத்த பெண். வைத்தியரும் மூத்த பெண்ணும் பேசுகிற இடத்தில் மருமகள் நிற்பது மரியாதை இல்லை. ஒச்சாயி உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜெயக்கொடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

கருவாடு ஆகாது, மீன் ஆகாது, நிலக்கடலை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, உப்புக் கூடாது, ஆறு மாதத்துக்கு இப்படித்தான் என்று அவள் சொன்னாள். ஏற்கெனவே இதில் எதுவும் தன் வாய்க்கு வந்ததில்லையே என்று ஒச்சாயிக்குத் தோன்றியது. ஆனாலும் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து புளித்தண்ணீரும் நின்றது. உப்பில்லாத சோளக்கஞ்சி மட்டும். வேலைக்கு மட்டும் பத்தியம் இல்லை. தோட்டத்தில் களை வளர்ந்துகொண்டுதானே இருந்தது.

பத்தியம் இருக்க இருக்க நோய் முற்றியது. பெருவியாதி, குஷ்டம் என்ற சொல்லை முதலில் யார் சொன்னார்களோ, அது தண்ணீர்த் துறையில் பிறந்து தெருத்தெருவாக நடந்தது. கிணற்றில் இறைக்கக்கூடாது என்றார்கள். கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்றார்கள். அதையெல்லாம் ஒச்சாயி தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் சீனி ஓடி வந்து அவள் மடியில் விழப் போனபோது ஜெயக்கொடி குறுக்கே வந்து குழந்தையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவளைத் தொட்டீன்னா ஒன் விரலு ஒவ்வொண்ணா ஒதிர்ந்துபோகும். பாத்தியா கையை? பேய்க் கை.”

குழந்தை தன் விரல்களைப் பார்த்தது. தாயின் கையைப் பார்த்தது. அலறிக்கொண்டு ஜெயக்கொடியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது. கார்த்திகை மாதம், ஒச்சாயியைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்தார்கள். பிறகு முத்திருளன் வண்டியூருக்கு ஆள் அனுப்பி, அவள் அண்ணன் காளையை வந்து கூட்டிப்போகச் சொன்னான். பிள்ளை தகப்பன் வீட்டில் இருப்பதுதான் முறை என்று சீனியை நிறுத்திக்கொண்டார்கள். மாட்டுவண்டி கிளம்பும்போது ஒச்சாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வாசலில் குழந்தை நின்றது. அழவில்லை. பயந்துபோய், வண்டி சீக்கிரம் போகட்டும் என்று காத்திருந்தது போல நின்றது. பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய வியாதி எது?

தங்கை செத்துப்போவாள் என்றுதான் காளையும் நினைத்தான். செத்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுச் சாகட்டும் என்று டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வராந்தாவில் மற்றவர்கள் எழுந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா நகரவில்லை. கறுத்த புறங்கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊசி முனையால் மெதுவாகக் குத்தினார். வலிக்கிறதா என்று கேட்டார்.

“குத்துனா வலிக்காம என்னம்மா செய்யும்?” என்றாள் ஒச்சாயி.

டாக்டரம்மா சிரித்தார். பெருவியாதிக்காரிக்கு அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்றார். பிறகு, அதுவரை ஒருவரும் ஒச்சாயியிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். தினமும் என்ன சாப்பிடுகிறாய்?

ஒச்சாயி சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. டாக்டரம்மா அவள் சேலைத் தலைப்பை விலக்கி, வெயில் படாத தோளையும் வெயில் பட்ட கழுத்தையும் காளைக்குக் காட்டினார்.

“நல்லாப் பாருப்பா. கோடு போட்ட மாதிரி இருக்கா? வெயில் பட்ட இடம் மட்டும் வெந்திருக்கு. வெயில் எல்லார் மேலயும்தான் விழுது. வெறும் சோளத்தையே தின்னுட்டுக் கிடக்கிற உடம்புல, அதைத் தாங்குற சத்துத் தோலுக்கு இல்லாமப் போயிடும். இது ஒட்டாது, பரவாது. இவளுக்குச் சோறு போடு. அதுதான் மருந்து.”

பால், முட்டை, ஆட்டு ஈரல், மீன், நிலக்கடலை, கீரை என்று அவர் சொல்லச் சொல்லக் காளை விரலை மடக்கி எண்ணிக்கொண்டான். தோல் ஆறுகிற வரை வெயிலில் இறங்கக் கூடாது என்றும், வாரம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். பத்தியத்தில் ஆகாது என்று வைத்த பாதிச் சாமான்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

பத்தே நாளில் வாய்ப்புண் ஆறியது. வயிற்றுப்போக்கு நின்றது. மார்கழி முடிவதற்குள் கறுத்த தோல் உரிந்து விழுந்து, அடியில் இளசாகப் புதுத்தோல் தெரிந்தது. ஈரலை மென்று விழுங்கும்போதெல்லாம் ஒச்சாயிக்கு ஒரு எண்ணம் வரும். சோறுதான் மருந்து என்றால், தன்னைச் சாகடிக்கப் பார்த்ததும் சோறுதான். அந்தச் சோற்றைப் போட்ட கை யாருடையது? உடம்பு தேறத் தேற அந்த எண்ணமும் சதை பிடித்தது. பலவீனமானவள் அழுவாள். அவளுக்கு இப்போது பலம் வந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் அவளை உறுத்தியது. அனுபவம் உள்ள வைத்தியர், வெறும் கஞ்சியை மட்டுமா குடிக்கச் சொல்லியிருப்பார்? காளையைப் பரவைக்கு அனுப்பினாள். திரும்பி வந்த காளை வெகுநேரம் வாசலிலேயே நின்றான். மலையாண்டி வைத்தியர் பத்தியத்தை இரண்டு பங்காகச் சொல்லியிருந்தார். ஆகாதவை ஒரு பங்கு. தினம் ஒரு உழக்குப் பால், நெல்லுச்சோறு, வேகவைத்த பாசிப்பயறு, முருங்கைக்கீரை, வெயிலில் விடக்கூடாது என்பது இன்னொரு பங்கு. முதல் பங்கு மட்டும்தான் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

ஒச்சாயி அழவில்லை. அம்மியில் இருந்த துவையலை வழித்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, பரவைக்குப் போனியே, எம் புள்ளையப் பத்தி யாரும் சொன்னாகளா?”

காளை அதைச் சொல்லத்தான் தயங்கிக்கொண்டு நின்றிருந்தான். சீனிக்கும் கை கறுத்திருக்கிறது. தாய் தோட்டத்தில் செய்த வேலை நின்றுபோனதால் குருவி விரட்டக் குழந்தையை வெயிலில் உட்கார வைக்கிறார்கள். தாயின் வியாதி பிள்ளைக்கும் வந்துவிட்டது, இதையும் ஒதுக்க வேண்டியதுதான் என்று ஊரில் பேச்சு. மாடு கன்று போட்டுப் பால் பெருகியிருந்தும் அது ஒரு துளி குறையாமல் காபி கிளப்புக்குத்தான் போகிறது, பிள்ளைக்கு வெறும் சோளக்களிதான்.

ஒச்சாயி முறையிட்டதன் பேரில், மாசி பிறந்த மூன்றாம் நாள் விளாங்குடியில் ஊர்க்கூட்டம் கூடியது. ஒச்சாயி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் அம்பலகாரர் கருத்தக்கண்ணன் எழுந்து வந்து அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  பிறகு மலையாண்டி வைத்தியர் தான் சொன்ன பத்தியத்தின் இரண்டு பங்கையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அம்பலகாரர் ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினார். பாலும் சோறும் கொடுக்கச் சொன்னது உண்மையா என்று கேட்டார்.

ஜெயக்கொடி பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய குற்றமாக அது அவளுக்குத் தெரியவேயில்லை.

“சொன்னாகதான். சாகப் போறவளுக்குப் பாலு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

முத்திருளன் தரையைப் பார்த்தான். நாலரை வருஷக் களியும், ஆறு மாதக் கஞ்சியும், குழந்தையின் அலறலும் அந்த ஒரே வரியில் ஒச்சாயியின் நெஞ்சுக்குள் இறங்கின.  அம்பலகாரர் அவளிடம், புருஷனைத் தீர்த்துக்கொள்கிறாயா, அபராதம் கட்டச் சொல்லட்டுமா, என்ன வேண்டும் என்று கேட்டார்.

“அபராதம் எனக்கு வேணாம் சாமி. அந்த வீட்டு அகப்பை எங் கைக்கு வரணும். நான் இருந்த பத்தியத்தை மதினியும் இருக்கணும். அதே ஆறு மாசம், அதே கஞ்சி, அதே தோட்டத்து வேலை. அம்புட்டுத்தான்.”

அப்போதுதான் பெரியவர்கள் சிரித்தார்கள். பெண்கள் சண்டை கஞ்சியில் முடிந்ததே, ஒரு காசு செலவில்லை என்று ஒருவர் சொன்னார். மலையாண்டி வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒச்சாயி அவரைப் பார்த்த பார்வையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் முதல் அந்த வீட்டில் அடுப்பு இரண்டு விதமாக எரிந்தது. ஒன்றில் சீனிக்குப் பால் காய்ந்தது, ஈரல் வதங்கியது, முட்டை வெந்தது. இன்னொன்றில் சோளம் கொதித்தது. காபி கிளப்புக்குப் பால் நின்றது. முத்திருளன் என்ன போட்டாலும் தின்றுவிட்டு எழுந்து போனான். யார் கையில் அகப்பை இருந்ததோ அவர்கள் முகத்தைப் பார்க்க அவன் பழகிக்கொண்டான். ஒச்சாயி அவனோடு பேசுவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. அவள் அங்கே மனைவியாக வரவில்லை.

ஜெயக்கொடி ஆரம்பத்தில் அலட்சியமாகத்தான் குடித்தாள். “இம்புட்டுத்தானாடி ஒன் வஞ்சம்? நான் என்னமோ பெருசா நெனச்சேன்” என்று சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள்.  ஒச்சாயிக்கு அவசரமில்லை. கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்ப்பது போல, சட்டியை வாங்கும் அந்தக் கைகளைத் தினமும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி இரக்கப்பட்டு ஒரு கருவாட்டுத் துண்டை வேலிக்கு மேலாகப் போட்டபோது, ஒச்சாயி அதை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் வேலிக்கு மேலாக எதுவும் வரவில்லை.

சித்திரை வெயில் வந்தது. தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்கு ஜெயக்கொடி களை எடுத்தாள். வரப்பில் ஒச்சாயி நின்றாள். வைகாசியில் சீனியின் கையில் புதுத்தோல் முழுதாக மூடியது. அதே வைகாசி கடைசியில் ஒரு காலை, சட்டியை வாங்க நீண்ட ஜெயக்கொடியின் புறங்கையில் அந்தச் சிவப்பு தெரிந்தது. ஒச்சாயிக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. பால் குடித்த குழந்தை தூங்குவது போல அன்று இரவு தூங்கினாள்.

ஆனியில் சிவப்பு கறுத்தது. கழுத்தில் வளையம் விழுந்தது. இப்போது தெருவில் அவளைக் கண்டு ஜனங்கள் விலகி நடந்தார்கள்; இப்போது தண்ணீர்த் துறையில் ஜெயக்கொடியின் பெயர் அடிபட்டது. ஒரு சாயங்காலம் அவள் அடுப்படி வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெந்திருந்ததால் வார்த்தைகள் குழறின.

“ஏத்தா ஒச்சாயி, எரியுதுத்தா. நீ எப்படிச் சொஸ்தமானே? எதைத் தின்னா ஆறும், அதை மட்டும் சொல்லு.”

ஒச்சாயி கஞ்சியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

“பரவை வைத்தியரைப் போய்க் கேளு மதினி. இந்தத் தடவை முழுசாக் கேட்டுட்டு வா.”

ஜெயக்கொடி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பரவைக்கு நடக்க அவள் காலில் பலம் இல்லை. முத்திருளன் அன்று முதல் தடவையாக ஒச்சாயியின் காலைத் தொட வந்தான். காலை இழுத்துக்கொண்டாள்.

இத்தனையிலும் அவள் எதற்காகத் திரும்பி வந்தாளோ அது மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. சீனி ஈரலைத் தின்றாள், பாலைக் குடித்தாள், கன்னம் தேறியது. ஆனால் ஆத்தா என்று ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. ஒச்சாயி தலை பின்ன உட்கார வைத்தால் மரக்கட்டை போல உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் எழுந்து ஓடிவிடுவாள். பழைய பயம் போகும், நாளாகும் என்று ஒச்சாயி தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவள் வஞ்சத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். குழந்தையும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது என்பதை அவள் பார்க்கவில்லை.

ஆடி பன்னிரண்டு. தண்டனை முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. உச்சிப்பொழுதில் வைக்கோல் எடுக்க மாட்டுக்கொட்டகைக்குப் போனவள், தட்டிக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டு நின்றாள். ஜெயக்கொடி வைக்கோல் மேல் படுத்திருந்தாள். சீனி பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குக் கொடுத்த கடலையைத் தன் வாயில் போட்டு மென்று, மாவாக்கி, விரலால் எடுத்து அத்தையின் வெந்த வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டிருந்தாள். நாலு வயதுக் குழந்தை. அதற்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தட்டிக்கு வெளியே வைக்கோல் மிதிபடும் சத்தம் கேட்டதும் குழந்தை பதறியது.

“அத்தை, பேய் வருது. வாயைத் தொடை.”

சொல்லிவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டாலேயே அத்தையின் வாயை அவசர அவசரமாகத் துடைத்தது.

ஒச்சாயி தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை தேறியும் பேய் என்ற பெயர் தேறவில்லை. முன்பு அந்தப் பெயரைக் குழந்தைக்கு ஜெயக்கொடி சொல்லிக் கொடுத்தாள். இப்போது அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தினம் இரண்டு வேளை, தன் கண்ணால் பார்த்து, குழந்தை தானே வைத்த பெயர் அது. இன்னும் பத்தொன்பது நாள் ஊற்றினால் ஜெயக்கொடி ஒருவேளை செத்துப்போவாள். அவளோடு சேர்ந்து இந்தக் குழந்தையும் தன்னை விட்டுப் போய்விடும், உயிரோடு போய்விடும்.  பல்லைக் கடித்த கடியில் ஒச்சாயியின் உதட்டில் ரத்தம் வந்திருந்தது. பிறகு முத்திருளனைக் கூப்பிட்டு வண்டி பூட்டச் சொன்னாள்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பி ஜெயக்கொடியைக் கிடத்தினார்கள். ஒச்சாயி ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். சீனி அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கறுத்த கைகளில் வெயில் படாமல் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டது. 

டாக்டரம்மாவுக்கு ஒச்சாயியைத் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தார். பிறகு கிடந்தவளின் கைகளையும் கழுத்தையும் பார்த்தார். இதே கறுப்பு, இதே வளையம். ஒரே வீட்டில் இரண்டாவது ஆளா என்று கேட்டார். இவளுக்கு யார் சாப்பாடு போட்டது என்று கேட்டார். ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்தாம்மா,” என்றாள் ஒச்சாயி.

“உனக்குத்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேனே. தெரிஞ்சுமா இப்படிச் செஞ்சே?”

“தெரிஞ்சதுனாலதாம்மா செஞ்சேன்.”

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஒச்சாயி கேட்கிற நிலையில் இல்லை.

“இன்னும் பத்தொன்பது நாளு இருக்கு. அதை விட்டுட்டேன். இவளுக்காக விடல. எம் புள்ளைக்காக விட்டேன். நீங்க வைத்தியத்தைப் பாருங்க.”

ஜெயக்கொடி பிழைத்தாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாலும் முட்டையும் தின்று, தோல் உரிந்து, விளாங்குடிக்குத் திரும்பிப் போனாள். முத்திருளனும் ஒச்சாயியும் சொந்தக்காரர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். பிள்ளை தகப்பனுக்கு என்ற முறையை இந்த ஒரு தடவை அம்பலகாரர் கருத்தக்கண்ணனே மாற்றிச் சொன்னார். அன்று கூட்டத்தில் சிரித்ததை அவர் மறந்திருக்கவில்லை போலும். ஒச்சாயி அதன் பிறகு விளாங்குடி எல்லையை மிதிக்கவில்லை. வண்டியூரில் இரண்டு மாடு வைத்துப் பிழைத்தாள். காபி கிளப்புக்காரர்கள் எவ்வளவு கேட்டாலும், வீட்டுத் தேவை போகத்தான் பால் ஊற்றுவாள். வருஷங்கள் கழித்து, ஜெயக்கொடியை மன்னித்துவிட்டாயா என்று காளை கேட்டபோது, அந்தப் பேச்சை எடுத்ததற்காக இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த ஆடி மாதப் பகலில், ஜெயக்கொடியை உள்ளே கொண்டுபோனதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் தாயும் மகளும் மட்டும் நின்றார்கள். முத்திருளன் அக்காவோடு உள்ளே போயிருந்தான்.

அத்தை செத்துப்போகுமா என்று சீனி கேட்டாள். சாகாது என்றாள் ஒச்சாயி.

“நீ மறுபடி கஞ்சி ஊத்துவியா?”

“இனிமே ஊத்தமாட்டேன்.”

சீனி அவள் முகத்தையே பார்த்தது. நம்புவதா, வேண்டாமா என்று அதற்குத் தெரியவில்லை. ஒச்சாயி கையை நீட்டவில்லை. நீட்டினால் குழந்தை பின்வாங்கும் என்று அவளுக்குத் தெரியும். வாசல்படி இறங்கி வண்டியூர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். வெயில் சாய்ந்திருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, இரண்டு எட்டுப் பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அது நின்றுவிடும் என்று பயந்தாள். அதனால் திரும்பவேயில்லை. வைகைக் கரையோரமாக, வேகத்தைக் குறைத்து, அந்தச் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தாள்.